பழைய மோட்டார் பாகங்களை இணைப்போர் மின்சாரம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

1980, 1990-களின் ரிமோட் கார்களில் ஓடிய 540 என்ற அளவு வகை மோட்டார்களைப் பிரித்து, ஒன்றின் ஆர்மேச்சரையும் (கம்பி சுற்றப்பட்ட, சுழலும் உட்பகுதி) இன்னொன்றின் உறையையும் வேறொன்றின் பின்மூடியையும் சேர்த்துப் புதிய மோட்டார் செய்யும் ஆர்வலர்கள், அது கருகிய பிறகுதான் மோட்டார் பழுதுபார்க்கும் என்னிடம் வருகிறார்கள். உறையின் விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர், ஷாஃப்ட் 3.17 மில்லிமீட்டர் என்பவை பெரும்பாலும் பொதுவானவை. ஆகவே பாகங்கள் எளிதில் அமர்ந்துவிடும். ஆனால் அளவு ஒத்துப்போவதால் மட்டும் அவை ஒன்றுக்கொன்று ஏற்றவையாகிவிடுவதில்லை.

அதிகம் கவனிக்கப்படாதது பிரஷ்களின், அதாவது சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டைகளின், கோணம். காருடன் வரும் சாதாரண வெள்ளி நிற மோட்டாரில் பிரஷ்கள் நடுநிலையில் இருப்பதால் அது இரு திசையிலும் ஒரேபோல ஓடும். பந்தயத்துக்கான 27 சுற்று (ஆர்மேச்சரின் ஒவ்வொரு கையிலும் கம்பி 27 முறை சுற்றப்பட்ட) மோட்டார்கள் பலவற்றிலோ பிரஷ்கள் சுழற்சிக்கு எதிர்ப்புறமாக 24 டிகிரி நகர்த்தப்பட்டிருக்கும். அந்தப் பின்மூடியைப் பொருத்திய மோட்டாரை மறுதிசையில் ஓட்டினால் கம்யூட்டேட்டரில் (ஆர்மேச்சரில் பிரஷ்கள் உரசும் செப்பு உருளை) கடுமையாகத் தீப்பொறி பறந்து, அதன் செப்புத் துண்டுகள் விரைவில் அரிக்கப்படும். குறைந்த மின்னழுத்தத்தில் இரு திசையிலும் ஓட்டி, வேகத்தையும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டால் கோணம் நடுநிலையில் உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

ஆர்மேச்சரைப் பொருத்துவதற்கு முன்பே மல்டிமீட்டரால் கம்யூட்டேட்டருக்கும் ஷாஃப்டுக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். கம்யூட்டேட்டரின் மூன்று செப்புத் துண்டுகளுக்கு இடையிலான மின்தடைகள் சமமாக இருக்க வேண்டும். அவை மிகச் சிறியவை என்பதால் மல்டிமீட்டரின் ஓம் அளவு நம்பத்தக்கதன்று. ஒவ்வொரு இணையிலும் 1 ஆம்பியர் செலுத்தி, துண்டுகளின் மேலேயே மின்னழுத்த இறக்கத்தை அளப்பதே சரி. காந்தங்களை மாற்றியிருந்தால், ஒன்றின் வடமுனையும் மற்றதன் தென்முனையும் உள்நோக்கி இருக்கின்றனவா என்று திசைகாட்டியால் பாருங்கள்; இரண்டும் ஒரே முனையாக இருந்தால் மோட்டார் சுழலாது, ஆனால் மின்சாரம் மட்டும் பெருமளவில் பாயும். காந்தம் ஆர்மேச்சரைத் தானாக இழுத்து நிறுத்தும் இடத்தில் பிரஷ் கம்யூட்டேட்டரின் நடுவே படியும்படி வாஷர்களைச் சேர்க்கவும்.

முதல் ஓட்டத்துக்கு லித்தியம் பாலிமர் பேட்டரி வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து மோட்டார்கள் 7.2 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரிக்கு ஏற்றவை. முழுதாகச் சார்ஜ் ஏறிய இரு செல் லித்தியம் பேட்டரி 8.4 வோல்ட் தருவதோடு, கோளாறுள்ள மோட்டாருக்கும் தயங்காமல் பல பத்து ஆம்பியர்களை அனுப்பும். மின்னோட்ட வரம்புள்ள பவர் சப்ளையில் 3 வோல்ட் வைத்து, பிரஷ் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்பத் தேயும்வரை ஓட்டுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தெளித்துவிட்டு உடனே ஓட்டுவது ஆபத்து: சூட்டில் அது நச்சு வாயுவான பாஸ்ஜீனாக மாறக்கூடும்.