ஆஃபர் லெட்டரில் எழுதாத மணி நேரங்கள்

சென்ற ஆண்டு ஒரு தம்பதி ஆலோசனைக்கு வந்தார்கள். கணவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பத்து வருடமாக இருப்பவர். முதலீட்டு நிறுவனம் ஒன்று 40 சதவீதம் அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது. "சேரலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க சார்" என்று ஆஃபர் லெட்டரை நீட்டினார். நான் அதைப் பிரிப்பதற்குள் மனைவி கேட்டுவிட்டார்: "வாரம் மூணு நாள் மாமாவை டயாலிசிஸுக்கு யாருங்க கூட்டிட்டுப் போவாங்க?"

அதற்கான பதில் லெட்டரின் எந்தப் பக்கத்திலும் இல்லை. குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் தொழில். வேலை மாறும்போது எல்லோரும் வருடச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நாம் கொடுப்பது மணிக்கணக்கில்தானே?

அன்று ஒரு தாளில் கணக்குப் போட்டோம். இப்போதைய சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டோம். வாரத்துக்கு வேலை 45 மணி நேரம், போக வர 5, ஆக 50. புதிய சம்பளம் 140. வேலை 60, போக வர 10, ஆக 70. வகுத்தால் இரண்டிலும் 2 தான். மணிக்குக் கிடைப்பது துளிகூட ஏறவில்லை! வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வரிமுறையில், கூடுதலாக வரும் அந்த 40-இல்தான் வரி அதிகமாகக் கடிக்கும். அதோடு அந்த 40 முழுவதும் போனஸ். பாதிதான் வந்தது என்றால் 120-ஐ 70-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 1.7. பழைய வேலையே மேல்.

போனஸ் பக்கத்தைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 'நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்று இருந்தால், அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கக் கூடாது. இடையில் விலகினால் ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்றும் பாருங்கள். நிதித்துறையில் பெரிய பதவிகளுக்குப் போனஸின் ஒரு பகுதியைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிக் கொடுப்பதும் உண்டு. 2009-இல் நிதி நிலைத்தன்மை வாரியம் (உலக நிதி அமைப்பைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பு) வகுத்த நெறிமுறை, போனஸில் 40 முதல் 60 சதவீதத்தைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறது. நிறுவனங்கள் கண்மூடித்தனமாக ரிஸ்க் எடுக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பணத்துக்காகவே பிடிக்காத வேலையில் காத்துக் கிடப்பவர்களை நான் பார்க்கிறேன். பங்குகளாக வரும் ஊதியத்திலும் கவனம் தேவை. 2008 செப்டம்பர் 15-இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அதன் பங்குகளை வைத்திருந்த ஊழியர்களுக்கு வேலையோடு சேமிப்பும் போனது.

எத்தனை மணி நேரம் என்பதைவிட, எந்த மணி நேரம் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாதக் கணக்கு முடிக்கும் நாட்கள், காலாண்டு க்ளோசிங், ஆடிட். இவை நகராது. டயாலிசிஸும் நகராது, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம். அந்த அம்மா என் மேஜை காலண்டரை எடுத்து, மாமாவின் நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டார். கணவர் க்ளோசிங் நாட்களைக் கோடிட்டார். முதல் மாதத்திலேயே நான்கு வட்டங்கள் மேல் கோடு விழுந்தது. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உடம்பும் இதில் ஒரு கணக்கு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணித்தன.

அதற்காக எல்லோரையும் 'போகாதீர்கள்' என்று நான் தடுப்பதில்லை. வட்டி அதிகமான கடன் கழுத்தை நெரிக்கிறது, அல்லது ஆறு மாதச் செலவுக்குக்கூடக் கையிருப்பு இல்லை என்றால், சரி, போங்கள். ஆனால் எத்தனை வருடம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். முதல் வருடம் பழைய சம்பளத்திலேயே குடும்பத்தை நடத்துங்கள். புதிய சம்பளத்துக்கு ஏற்ப இ.எம்.ஐ.யை ஏற்றிவிட்டால், வேலை ஒத்துவராதபோது திரும்பி வர வழி இருக்காது.

அந்தக் கணவர் புதிய நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். டயாலிசிஸ் நாட்களின் காலை வேளைகள், க்ளோசிங் நாட்களிலும், தனக்கு வேண்டும் என்று கேட்டார். "சேருங்க, பார்த்துக்கலாம்" என்று போனில் சொன்னார்கள். அதையே எழுதித் தரும்படி இன்னொரு முறை கேட்டார். ஒரு வாரம் காத்திருந்தார். பதில் வரவில்லை. அவர் போகவில்லை.