எழுத்தின் பின்னால் புள்ளிக்கோலம் வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள ஒரு வெள்ளிக் கொலுசுக் கடைக்குப் பெட்டி அட்டைகள் அச்சாகி வந்தபோது, 'வெள்ளி' என்ற சொல் அவற்றில் 'வெளளி' என்று இருந்தது. அட்டை வாசகத்தை ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி மென்பொருளில் மெய்ப்புப் பார்த்தவன் நான். இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் முதல் ளகரத்தின் தலையில் புள்ளி தெரிந்தது. அது எழுத்தின் புள்ளி அன்று. திருத்த வேண்டிய வரிகளை அடையாளம் காட்டுவதற்காக நானே பின்னணியில் வைத்திருந்த கோலத்தின் புள்ளி.

சேலத்தில் என்னிடம் நிரல் எழுதப் பழகும் இளைஞர்களும் இதே அலங்காரத்தை விரும்பிச் செய்வதால், இது எப்படி நேர்கிறது என்பதை விளக்க வேண்டியிருக்கிறது. ஈமேக்ஸில் எழுத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் 'ஃபேஸ்' ஒவ்வொன்றுக்கும் நிறம், தடிமன், அடிக்கோடு ஆகியவற்றோடு, பின்னணியில் படவடிவம் பதிக்கும் 'ஸ்டிப்பிள்' என்ற பண்பும் உண்டு. பின்னணிப் படம் என்றதும் ஏற்காடு ஏரியின் வண்ணப் படத்தையே எழுத்துக்குப் பின்னால் விரிக்கலாம் எனச் சிலர் எண்ணுகிறார்கள்; ஸ்டிப்பிள் ஏற்பது அத்தகைய படத்தை அன்று, ஒவ்வொரு புள்ளியும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற இரண்டே நிலைகளில் இருக்கும் சிறு வடிவத்தையே. அகலம் 8, உயரம் 8 என்று கொடுத்தால் எட்டு பைட்டுகளில் அந்த வடிவம் அடங்கிவிடும். அதையே ஈமேக்ஸ் ஓடு பதிப்பதுபோல் திரும்பத் திரும்பப் பதிக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, 'உண்டு' என்ற புள்ளிகள் அந்த ஃபேஸின் எழுத்து நிறத்திலேயே வரையப்படுகின்றன என்பதுதான். மெய்யெழுத்தின் புள்ளியும் கோலத்தின் புள்ளியும் ஒரே நிறத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும்போது எந்தக் கண்ணாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

வலைப்பக்க அணுகல் நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. கோலப் புள்ளி எழுத்தைத் தொடும் இடத்தில் அந்த வேறுபாடு 1:1, அதாவது வேறுபாடே இல்லை. கிராம் கணக்கில் தசமப் புள்ளிக்கும் இதே ஆபத்து உண்டு என்பதால், வெள்ளி எடைப் பட்டியல்களில் ஸ்டிப்பிளை நான் இப்போது அறவே அனுமதிப்பதில்லை.

வரியை எடுத்துக்காட்ட வெளிறிய பின்னணி நிறம் ஒன்றே போதும். அது வரியின் கடைசிவரை பரவ வேண்டுமானால், ஈமேக்ஸ் 27இல் வந்த 'எக்ஸ்டெண்ட்' பண்பை இயக்கலாம். ஸ்டிப்பிளுக்கு உரிய இடம் வெற்றிடம். நிரல் வரிகளின் தொடக்கத்தில் விடும் உள்தள்ளல் வெளியில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் காட்டுவதற்கு அது மிக நன்றாகப் பயன்படுகிறது. அங்கே மறைவதற்கு எழுத்து இல்லை, அந்த ஃபேஸின் எழுத்து நிறத்தையும் விரும்பியபடி மங்கலாக்கிக்கொள்ளலாம். 'டீஃபால்ட்' என்ற இயல்புநிலை ஃபேஸில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள். மற்ற ஃபேஸ்கள் அனைத்துக்கும் அதுவே அடிப்படை என்பதால் கோலம் திரை முழுவதும் பரவிவிடும்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், ஐயத்துக்குரிய எழுத்தின் மேல் கர்சரை நிறுத்தி, கன்ட்ரோல்-யூ, கன்ட்ரோல்-எக்ஸ், சமக்குறி ஆகியவற்றை வரிசையாக அழுத்தினால், அங்கே உண்மையில் எந்தக் குறியீடு இருக்கிறது, எந்த ஃபேஸ் செயல்படுகிறது என்ற இரண்டும் தெரியும். மொத்தக் கோப்பையும் பார்க்க வேண்டுமானால், எழுத்துகளை மட்டுமே காட்டும் முனையத்தில் (டெர்மினல்) திறந்து படியுங்கள். அங்கே ஸ்டிப்பிள் வரையப்படாது. அச்சுக்குப் போகும் எந்த வாசகத்தையும் இப்போது நான் முனையத்தில் ஒருமுறை படித்த பிறகே அனுப்புகிறேன்.