பாவுதளம்

பேவ்மென்ட் என்றால் கோவையில் பலரும் நடைபாதையைத்தான் நினைப்பார்கள். சாலைப் பொறியியலில் அது அடிமண்மேல் போடும் அத்தனை அடுக்குகளையும் குறிக்கும்: கிராவல், வெட்மிக்ஸ் ஜல்லி (நீர் கலந்து பரப்பி இறுக்குவது), தார்.

மூலம் லத்தீன். 'பவிரே' என்றால் குத்தி இறுக்குவது, நம் திமிசுக்கட்டை வேலை. தமிழில் பாவுதளம் என்பதே சரி. நாற்றுப் பாவுகிறோம், கல் பாவுகிறோம். சென்னிமலைத் தறியில் நீளவாக்கில் ஓடும் நூலும் பாவுதான். லத்தீன் சொல்லோடு ஒலி ஒத்திருந்தாலும் வேர் ஒன்றல்ல. நம் சொல் பரப்புவதைச் சொல்கிறது, அவர்கள் சொல் இறுக்குவதை. சாலைக்கு இரண்டும் வேண்டும்.

'தார் ரோடு' என்ற வழக்கு தாருக்குக் கீழே உள்ள அடுக்குகளை மறைத்துவிடுகிறது. இட்டேரியாக (இருபுறமும் வேலியுள்ள மண்பாதையாக) இருந்து சாலையான பல வழிகளில் தார் 20 மி.மீ. கனமே; பாரம் தாங்குவது கீழே உள்ளவை. கணக்குக்கு அளவுகோலாக எடுக்கும் 'திட்ட அச்சு' (standard axle) தாங்கும் சுமை 8.16 டன். 1958–60இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த சோதனையிலிருந்து வந்த விதிப்படி, சேதம் சுமையின் நான்காம் அடுக்கில் (fourth power) ஏறும்: சுமை இருமடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. 2018 முதல் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதி 11.5 டன். அது ஒருமுறை போனால் திட்ட அச்சு ஏறக்குறைய நான்குமுறை போனதற்குச் சமம். ஜல்லி டிப்பரோ ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோ அளவுமீறி ஏற்றி வந்தால் என்னாகும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

தளம் எவ்வளவு அமுங்கி மீள்கிறது என்பதைப் பெங்கல்மேன் பீம் என்ற நீண்ட நெம்புகோல் கருவி காட்டும். பின் அச்சில் 8,170 கிலோ ஏற்றிய லாரியின் இரட்டை டயர்களுக்கு நடுவே பீமின் முனையை வைத்து முதல் அளவு எடுத்து, லாரியை நகர்த்தி, 2.7 மீட்டரிலும் 9 மீட்டரிலும் டயல் பார்க்க வேண்டும். நெம்புகோல் விகிதம் 2:1 என்பதால் முதல், கடைசி அளவுகளின் வித்தியாசத்தை இரட்டிக்க வேண்டும், 0.45 மி.மீ. என்றால் மீள்தொய்வு, அதாவது சுமை விலகியதும் தளம் மீளும் அளவு, 0.90 மி.மீ. பின்னிரண்டு அளவுகளும் 0.025 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் பீமின் முன்கால்களே தொய்வுக்குள் நிற்கின்றன. திருத்தம் போடாத எண் பொய் சொல்லும். பல்லடம் கரிசலில் கோடையில் அளந்தாலும் அப்படித்தான்: காய்ந்த மண் இறுகி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் அளப்பதே முறை.

பாவுதளத்தின் கணினி மாதிரியில் பார்ப்பது இரண்டு இடங்களை: தாரின் அடியில் இழுவிசைத் திரிபு (இழுபட்டு நீளும் அளவு), அடிமண்ணின் உச்சியில் அமுக்கத் திரிபு (அமுங்கிச் சுருங்கும் அளவு). முன்னது விரிசலையும் பின்னது தடப்பள்ளத்தையும் (சக்கரத் தடத்தில் விழும் பள்ளம்) தரும். தார் மெல்லிய ஊர்ச் சாலையில் பின்னதுதான் முக்கியம்.

சாலையிலேயே இதை அடையாளம் காணலாம். தடப்பள்ளம் அகலமாகத் தாழ்ந்திருந்தால் அடிமண் அமுங்கிவிட்டது. குறுகலாக, ஓரம் புடைத்திருந்தால் கோளாறு மேலடுக்கில். முதல் வகைப் பள்ளத்தில் தார் கொட்டி நிரப்பினால் அடுத்த மழையில் அதே இடம் மறுபடி இறங்கும்.