வயிற்றில் கத்தி வைத்தால் சர்க்கரை ஏன் இறங்குகிறது?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் மாமி ஒருவர் பைபாஸ் முறையில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. இவருக்கு 35 வயதிலேயே வந்துவிட்டது. வீடு திரும்பிய வாரத்தில், 30 மி.லி. அளவுக் கோப்பையில் ஊற்றிய நீர்மோரைக் கால் மணி நேரமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். எடை பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. ஆனால் இன்சுலின் அளவை மருத்துவர் அதற்குள் பாதிக்கும் கீழே கொண்டுவந்திருந்தார். "சாப்பாடு குறைந்தால் சர்க்கரை குறையத்தானே செய்யும்?" என்றார் மாமா. அவர் சொன்னது பாதி சரி: உணவு வெகுவாகக் குறையும்போது கல்லீரலில் படிந்த கொழுப்பு சில நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது, இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது.

மீதிப் பாதி குடலில் இருக்கிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்முனையை மட்டும் ஒரு சிறு பையாகப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியை மேலே இழுத்து அதனுடன் நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். மீதி இரைப்பை வெட்டி எடுக்கப்படுவதில்லை. உணவைக் காணாமலே உள்ளே இருந்து சுரந்துகொண்டிருக்கும். இதனால் உணவு முன்சிறுகுடலைத் தொடாமல், அரைகுறையாகச் செரித்த நிலையில் குடலின் கீழ்ப்பகுதிக்கு விரைவாகப் போய்ச் சேர, அங்குள்ள செல்கள் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனை வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கின்றன. இன்சுலினை விடும்படி கணையத்தைத் தூண்டுவதும், போதும் என்று மூளைக்குச் சொல்வதும் இந்த ஹார்மோன்தான். இப்போது பரவலாகப் பேசப்படும் வாராந்திர செமாகுளுடைடு ஊசி இதைப் போலவே செயல்படுகிறது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையின் இன்னொரு வகையான ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுவதால், பசியைத் தூண்டும் கிரெலினும் குறைகிறது.

ஆனால் பரம்பரையாக வந்தது எங்கும் போவதில்லை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பெரும்பாலும் ஒரே மரபணு குற்றவாளி அல்ல. சிறுசிறு பங்களிக்கும் பல மரபணு வேறுபாடுகள் சேர்கின்றன, அவற்றில் பல இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் திறனைக் குறைப்பவை. இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், பீட்டா செல் சம்பளம், உடல் பருமன் வாடகை. அறுவை சிகிச்சை வாடகையைக் குறைக்கிறது. குடலிலிருந்து கொஞ்சம் ஓவர்டைமும் வாங்கித் தருகிறது. அடிப்படைச் சம்பளம் பழையதுதான். அதனால்தான் கணையத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை அறிய, முன்கூட்டியே சி-பெப்டைடு பரிசோதனை செய்வதுண்டு. நோய் வந்து பல ஆண்டுகளாகி, ஏற்கெனவே இன்சுலின் போடுபவர்களுக்குப் பலன் குறைவாகவே இருக்கும்.

அமெரிக்காவில் 150 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். மருந்தைவிட இது வெகு மேல்தான். ஆனாலும் விளம்பரங்களில் வரும் "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்ற வாசகத்தை இந்த எண்கள் தாங்காது. மருத்துவர்களும் குணம் என்று சொல்லாமல் தணிவு என்றே சொல்கிறார்கள்.

உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. ஒன்றாகவே இருந்தாலும் நம்மவர்களின் உடலில் கொழுப்பு அதிகம் என்பதால், ஆசியர்களுக்கு உடல் பருமன் 25-இலேயே தொடங்குவதாகக் கொள்ளலாம் என்று 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது.

மாமி இனி ஆயுள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் எடுக்க வேண்டும், ஏனெனில் இரும்பையும் கால்சியத்தையும் நன்கு உறிஞ்சும் பகுதியை உணவு இப்போது தாண்டிப் போகிறது, பி12-ஐ உறிஞ்ச உதவும் இரைப்பைச் சுரப்பும் உணவுடன் சரியாகக் கலப்பதில்லை. தீபாவளிக்கு அரைக் கிண்ணம் பாயசம் குடித்துவிட்டு, படபடப்பும் வியர்வையுமாகப் படுத்துக்கொண்டார். சர்க்கரைக் கரைசல் ஒரே பாய்ச்சலில் குடலில் இறங்கியதன் விளைவு அது.