பெரிய ஆர்டரைப் பிடிக்கச் சொல்லும் முன்: மென்டராக வரும் எம்பிஏ பட்டதாரிகள் கவனிக்க

மாதம் 4 லட்சம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கும் ஒரு சிறுதானிய மாவு நிறுவனத்துக்கு, சூப்பர்மார்க்கெட் குழுமம் ஒன்றிலிருந்து மாதம் 10 லட்சத்துக்கு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னாட்டு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, தொழில்முனைவோருக்கு வழிகாட்ட வந்த மென்டர் என்ன சொல்வார்? "விடாதீங்க, பிடிங்க." அவர் வேலை பார்த்த இடத்தில் அது சரியான பதில்தான். பணம் வர 60 நாள் ஆனாலும் அங்கே அதைச் சமாளிக்கத் தனியாக ஒரு துறை இருந்தது. சிறு நிறுவனத்தில் அந்தத் துறையின் வேலையைச் செய்வது வீட்டில் இருக்கும் நகை.

பெங்களூரு ஐஐஎம்மின் என்எஸ்ஆர்செல், சென்னை ஐஐடியின் இன்குபேஷன் செல், 1992-ல் சிலிக்கன் பள்ளத்தாக்கில் தொடங்கி இன்று சென்னையிலும் கிளை வைத்திருக்கும் டை (TiE), தமிழக அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் என்று வழிகாட்டிகளையும் தொழில்முனைவோரையும் சேர்த்துவைக்கும் அமைப்புகள் இப்போது நிறைய. மேலாண்மைக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்களும், பணி ஓய்வு பெற்ற அதிகாரிகளும் ஊதியம் எதிர்பார்க்காமல் நேரம் தருகிறார்கள். மனசுக்குக் குறைவில்லை. பெரிய நிறுவனத்தில் பழகிய கண்ணோடு சின்ன நிறுவனத்தைப் பார்ப்பதில்தான் சிக்கல் வருகிறது. சந்தை எவ்வளவு பெரியது என்று முதலில் பார்க்கிறார்கள். வங்கிக் கணக்கில் எத்தனை நாளுக்குப் பணம் இருக்கிறது என்று கடைசியாகக் கேட்கிறார்கள். இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சேதம் குறையும்.

மேலே சொன்ன ஆர்டரையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாக்கெட் விலை 100 ரூபாய். கடைக்காரர் பங்கு 30 போனால் பில் தொகை 70. அதற்குள் 5% ஜிஎஸ்டி 3.33 ரூபாய், மிஞ்சுவது 66.67. தானியம் 34, பையும் அட்டைப்பெட்டியும் 6, கூலியும் கரன்ட்டும் 9, வண்டி வாடகை 4. இவை நான்கும் சேர்ந்து 53. இதோடு, தேதி முடிந்து திரும்பி வரும் சரக்குக்கு 3, கடைக்காரர் கேட்கும் சலுகை விலைக்கு 5. மொத்தம் 61. பாக்கெட்டுக்கு நிற்பது 5 ரூபாய் 67 பைசா. ஜிஎஸ்டி போக 66.67 வீதம் 10 லட்சம் என்பது 15,000 பாக்கெட். ஆக மாதம் சுமார் 85,000 ரூபாய். கட்டட வாடகை, முதலாளியின் சம்பளம், வட்டி எல்லாம் இதிலிருந்துதான்.

இதுவரை மோசமில்லை. மென்டர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார். இனிமேல்தான் விஷயமே. தானியம் வாங்கி அரைத்துப் பொட்டலம் போட 10 நாள், கடன் நாள் 60, பில் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவைக் கடந்து வர இன்னொரு 10. மொத்தம் 80 நாள். கையிலிருந்து போகும் செலவு பாக்கெட்டுக்கு 53 வீதம் மாதத்துக்கு 7.95 லட்சம் என்றால், 80 நாளுக்கு ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய் நடுவழியில் சிக்கி நிற்கும். ஜிஎஸ்டி வேறு, பார்ட்டி பணம் தந்தாரா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20-ம் தேதி கட்டியாக வேண்டும். அந்த 21 லட்சத்தை 2 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் மாத வட்டி 42,000. லாபத்தில் பாதி போயிற்று. ஒரு மாதம் பேமெண்ட் தள்ளிப்போனால் மீதிப் பாதியிலும் ஒரு பங்கு போகும்.

அப்படியானால் ஆர்டரை விட்டுவிடுவதா? இல்லை. முதலில் வங்கியில் கடன் வரம்பு வாங்கிய பிறகு முழு ஆர்டருக்கும் கை நீட்டச் சொல்லலாம். சிறு தொழில் கடன் பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் காலத்திலிருந்து சிறு தொழில்களுக்கு வங்கிகள் பின்பற்றும் ஒரு எளிய முறை உண்டு. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25% நடைமுறை மூலதனத் தேவை, அதாவது சரக்கிலும் பாக்கியிலும் சிக்கி நிற்கும் பணம். அதில் 20 பங்கை வங்கி தரும், 5 பங்கு முதலாளியுடையது. மாதம் 10 லட்சம் என்றால் ஆண்டுக்கு 1.2 கோடி. வங்கி வரம்பு 24 லட்சம், முதலாளி போட வேண்டியது 6 லட்சம். 21 லட்சத்துக்கு 11% வட்டி என்றால் மாதம் 19,000-த்தைச் சுற்றி நிற்கும். சொத்து அடமானம் இல்லையென்றால் சிஜிடிஎம்எஸ்இ என்னும் சிறு தொழில் கடன் உத்தரவாதத் திட்டத்தில் கேட்கலாம், அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு.

கடந்த வருடம் 48 லட்சம் விற்ற ஆள், இந்த ஆர்டரில் மட்டும் 1.2 கோடி என்று சொன்னால் வங்கி மேலாளர் நம்பமாட்டார். பர்ச்சேஸ் ஆர்டரையும், கடந்த 12 மாத ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி கணக்கு) படிவங்களையும், மாதவாரி உற்பத்தித் திட்டத்தையும் வைத்துத்தான் பேச வேண்டும். மேலாண்மைப் படிப்பு உண்மையிலேயே உதவும் இடம் இதுதான்: வங்கிக்குக் கொடுக்கும் மூன்று பக்கக் குறிப்பை முதலாளியோடு உட்கார்ந்து எழுதுவது. வரம்பு கிடைக்கும் வரை எல்லாக் கிளைகளுக்கும் போகாமல் சில கிளைகளுக்கு மட்டும் சரக்கு தருவதாகவும், கடன் நாளை 30 ஆக்கும்படியும் கேட்டுப் பார்க்கலாம். முதல் ஆறு மாதத்துக்காவது ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் மென்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். 60 நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதினாலும் 45-தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சரக்கு பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். போதாதற்கு, வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து சேர்ந்த 43பி(எச்) விதி, இந்தக் கெடுவுக்குள் தராமல் ஆண்டு முடிவிலும் பாக்கியாக நிற்கும் தொகையை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாதபடி செய்தது. அதனால் பெரிய நிறுவனங்களின் அக்கவுண்ட்ஸ் பிரிவுகள் சிறு தொழில் பதிவு எண்ணான உத்யம் எண்ணைத் தாமாகவே கேட்கத் தொடங்கின. பில்லிலேயே அந்த எண்ணை அச்சிட்டுவிடச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வேலை, நிறையப் பேர் செய்வதில்லை.

பணம் தாமதமானால் அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம் என்பது எல்லா மென்டருக்கும் தெரியும். தன் விற்பனையில் பாதியை வாங்குகிற பார்ட்டி மேல் எந்த முதலாளியும் புகார் கொடுக்கமாட்டார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உறவு முறிந்த பிறகு எடுக்கும் ஆயுதம் அது. அதை முதல் சந்திப்பிலேயே நீட்டினால் "பார்க்கிறேன் சார்" என்று பதில் வரும். அதற்கு "மாட்டேன்" என்று பொருள்.

முதல் சந்திப்புக்கு என்ன கேட்க வேண்டும்

பிரசன்டேஷன் வேண்டாம். ஓராண்டு வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டிஆர்-3பி, டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த வரவேண்டிய பாக்கிப் பட்டியல் (30, 60, 90 நாள் என்று பிரித்தது), நடப்பில் இருக்கும் எல்லாக் கடன்களின் அனுமதிக் கடிதம். இவ்வளவு போதும். ஸ்டேட்மென்ட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, செக் அல்லது இஎம்ஐ திரும்பியதற்கான கட்டணம். எந்த மாதம் முதலில் தலைகாட்டுகிறதோ அங்கிருந்துதான் நெருக்கடி ஆரம்பம். இரண்டு, 20-ம் தேதியை ஒட்டி முதலாளியின் சொந்தக் கணக்கிலிருந்தோ உறவினர் பெயரிலிருந்தோ உள்ளே வரும் தொகை. ஜிஎஸ்டி கட்டக் கைமாற்று வாங்குகிறார் என்று அர்த்தம். மூன்று, பெயர் தெரியாத நிதி நிறுவனங்களுக்குத் தினமும் அல்லது வாரமும் போகும் சின்னச் சின்னத் தவணைகள். இணையவழிக் கடன் ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்திருப்பார்.

நகைக்கடன் இந்த ஸ்டேட்மென்ட்டில் பல சமயம் வராது. மனைவி அல்லது அம்மா பெயரில் இருக்கும். முதல் நாள் யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே கணக்குப் பார்ப்பவர் யாரோ அவரும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் குடும்பத் தொழில்களில் அது மனைவியாகவோ தங்கையாகவோ மச்சானாகவோ இருக்கும். விசிட்டிங் கார்டில் அவர் பெயர் இராது. சனிக்கிழமைக் கூலி எப்படிப் பட்டுவாடா ஆனது என்பது அவருக்குத்தான் தெரியும்.

அடுத்தது 13 வாரப் பணவரவுத் தாள். எக்செல்லில் ஒரு பக்கம், நெட்டாக 13 கட்டம். மேலே ஆரம்ப இருப்பு, அதன்கீழ் பார்ட்டி பெயர் வாரியாக வரவு, பிறகு செலவு: கூலி, 5-ம் தேதி இஎம்ஐ, 7-ம் தேதி டிடிஎஸ், 15-ம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20-ம் தேதி ஜிஎஸ்டி. இதில் எல்லோரும் செய்யும் பிழை, வரவைப் பில்லில் உள்ள கெடு தேதியில் போடுவது. 45 நாள் என்று சொல்லி வழக்கமாக 72-வது நாள் தருகிற பார்ட்டிக்கு 72-வது நாளில்தான் வரவு எழுத வேண்டும். இப்படி எழுதினால் ஏழாவது வாரம் இருப்பு மைனஸில் போகிறது என்பது இன்றைக்கே தெரியும். ஆறு வாரம் கையில் இருக்கிறது. வாரம் ஒரு முறை 20 நிமிடத் தொலைபேசிப் பேச்சில் அந்தத் தாளை மட்டும் திருத்தினால் போதும். மென்டர் நிரப்பித் தரக்கூடாது. இரண்டு வாரம் நிரப்பாமல் விட்டால் அதையே பேச்சாக எடுங்கள்.

மாதக் கூட்டத்தில் மென்டர் பேசுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் அது வகுப்பறை. நம் ஊரில் இதில் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு: வயதில் மூத்தவர், பெரிய கல்லூரியில் படித்தவர் சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டார்கள். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வேறு மாதிரி செய்வார்கள். அதனால் "இப்படிச் செய்யுங்கள்" என்பதைவிட "இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?" என்று கேட்பது பலன் தரும். கூட்டம் முடியும்போது அடுத்த மாதத்துக்கான இரண்டு மூன்று வேலைகளை முதலாளி தன் கையாலேயே எழுதட்டும்.

பங்கு, ஜாமீன், டைரக்டர் பதவி

ஆலோசனைக்குப் பங்கு தருவது அமெரிக்கப் பழக்கம். அங்கே ஃபவுண்டர் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு வெளியிட்ட ஃபாஸ்ட் ஒப்பந்த மாதிரியில், யோசனை நிலையில் இருக்கும் நிறுவனம் ஆலோசகருக்கு 0.25% முதல் 1% வரை தரலாம் என்று, இரண்டு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி அளவு இருக்கிறது. 5%, 10% கேட்கும் மென்டர்களிடம் இந்த அளவை எடுத்துக் காட்டலாம். ஆனால் அந்தத் தாளை அப்படியே இங்கே கையெழுத்திட முடியாது. இந்தியக் கம்பெனிச் சட்டப்படி ஈசாப் எனப்படும் பங்கு விருப்பமும், உழைப்புக்கு ஈடாகத் தரும் ஸ்வெட் ஈக்விட்டியும் ஊழியருக்கும் டைரக்டருக்கும் உரியவை. வெளியிலிருந்து ஆலோசனை சொல்பவருக்கு அந்த வழி இல்லை. நிறுவனர் தன் பங்கை மாற்றித் தரலாம், அல்லது முறைப்படி மதிப்பிட்ட விலைக்குப் புதுப் பங்கு வெளியிடலாம். சந்தை மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினால் வாங்கியவருக்கு வரி வரும். முதலீட்டாளர் வந்து ஆவணங்களைத் தோண்டும்போது, வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்ட "2 பர்சென்ட்" பெரிய முட்டுக்கட்டை ஆகும். கம்பெனியாகப் பதியாத தனிநபர் நிறுவனம் என்றால் பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதக் கட்டணம் எவ்வளவு என்று ஒரு பக்கக் கடிதத்தில் எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நிம்மதி.

வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடவே கூடாது. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்; முதலில் அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று வங்கியிடம் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்ட அன்றோடு மென்டரின் ஆலோசனையும் கெட்டுவிடும். தன் பணத்துக்குப் பயந்து பேசத் தொடங்குவார்.

டைரக்டராகப் பெயர் போடுவதும் மரியாதைக்காகச் செய்கிற காரியமில்லை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஜிஎஸ்டி கட்டாமல் போய், கம்பெனியிடமிருந்து வசூலிக்கவும் முடியாவிட்டால், ஜிஎஸ்டி சட்டத்தின் 89-வது பிரிவுப்படி அந்தக் காலத்து டைரக்டர்களிடம் கேட்பார்கள். தன் பெரும் அலட்சியத்தால் அது நேரவில்லை என்று நிரூபிக்கும் சுமையும் அவர்கள் தலையில்தான். பதவி இல்லாவிட்டாலும், யாருடைய சொல்படி இயக்குநர் குழு வழக்கமாக நடக்கிறதோ அவரையும் தவறுக்குப் பொறுப்பான அலுவலராகக் கம்பெனிச் சட்டத்தின் 2(60) பிரிவு சேர்க்கிறது. தொழில்முறை ஆலோசனை சொல்பவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்குக்குள் நிற்க வேண்டுமானால் செக் கையெழுத்து அதிகாரம், வங்கி பாஸ்வேர்ட், வாட்ஸ்அப் குழுவில் ஊழியருக்கு நேரடி உத்தரவு மூன்றும் கூடாது.

தொடங்கும்போதே ஆறு மாதம் என்று கெடு வையுங்கள். போட்டி நிறுவனத்துக்கும் ஆலோசனை சொல்கிறீர்கள் என்றாலோ, பரிந்துரைக்கிற விளம்பர ஏஜென்சி உங்கள் நண்பருடையது என்றாலோ, முதல் நாளே சொல்லிவிடுங்கள். கெடு முடிந்ததும் வாங்கிய ஸ்டேட்மென்ட்டுகளை அழித்துவிட்டு, கூகுள் டிரைவ் அனுமதியை நீக்கச் சொல்லி, வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறலாம். 13 வாரத் தாள் அவர்களிடமே இருக்கட்டும்.