ஜன்னலுக்கு வெளியே இருந்த கோபம்

எங்கள் பூனை பொரி அம்மாவைக் கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பெங்களூரு அல்சூரில் தரைத்தள வீடு எங்களுடையது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஜன்னல் திண்டில் உட்கார்ந்திருந்த பொரி திடீரென்று அடித்தொண்டையில் உறுமியது. என்னவோ என்று அம்மா முதுகைத் தடவக் கையை நீட்டினார். திரும்பிப் பாய்ந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டது. நாலு வருடமாக அவர் மடியில் தூங்கிய பூனை.

அம்மாவுக்கு வலியைவிட வருத்தம்தான் அதிகம். "நான் என்னடி பண்ணேன் அதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சுவர் மேல் ஒரு கடுவன் பூனை, உப்பிய கன்னத்தோடு, எங்கள் வீட்டையே பார்த்தபடி நின்றிருந்தது.

எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை இது. பொரியின் கோபமெல்லாம் அந்தக் கடுவன் மேல். நடுவில் கொசுவலை அடித்த ஜன்னல் இருந்ததால் அதை நெருங்க முடியவில்லை. அந்த நேரத்தில் அம்மாவின் கை குறுக்கே வந்தது. விலங்குகளின் நடத்தையைப் படிப்பவர்கள் இதைத் திசைமாறிய ஆக்ரோஷம் என்கிறார்கள். வளர்ப்புப் பூனை "காரணமே இல்லாமல்" கடித்தது என்று சொல்லப்படும் சம்பவங்களில் பல இந்த வகைதான்.

உள்ளே என்ன நடக்கிறது? கண் பார்த்ததும் மூக்கு முகர்ந்ததும் மூளையின் ஆழத்தில் உள்ள ஹைபோதலாமஸ் என்ற சின்னப் பகுதிக்குப் போய்ச் சேருகின்றன. சூரிச் நகரில் வால்டர் ஹெஸ் என்ற உடலியலாளர் விழித்திருக்கும் பூனைகளின் மூளைக்குள் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, இந்தப் பகுதியில் இலேசான மின்சாரம் செலுத்திப் பார்த்தார். அமைதியாக இருந்த பூனைக்கு ரோமம் சிலிர்த்தது, கண்பாவை விரிந்தது, சீறிக்கொண்டு தாக்கத் தயாரானது. வெளியே எதிரியே கிடையாது. மின்சாரத்தை நிறுத்தியதும் அடங்கியது. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பூனைகளை நினைத்தால் எனக்கு மனம் கஷ்டப்படுகிறது. ஆனாலும் கோபம் என்பது பூனையின் குணக்கேடு இல்லை, மூளையில் ஒரு இடம் தூண்டப்படுவது என்று நமக்குக் காட்டியவை அவைதான்.

எலியைப் பிடிக்கும் பூனை இப்படிச் சீறுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சத்தமே இல்லாமல் பதுங்கிப் போய்க் கவ்வும். வேட்டைக்கு ஹைபோதலாமஸின் பக்கவாட்டுப் பகுதி, சீறித் தாக்குவதற்கு அதன் உட்பகுதி என்று இரண்டுக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. நம் கால்விரல்களைத் துரத்திக் கடிக்கும் குட்டியிடம் இருப்பது முதல் வகை, விளையாட்டு வேட்டை. பொரியிடம் அன்று வந்தது இரண்டாவது.

அப்புறம் இரத்தத்தின் பங்கு. 1911இல் அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற உடலியலாளர், நாய் குரைப்பதைக் கேட்டு மிரண்ட பூனையின் இரத்தத்தில், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியின் சுரப்பு கலந்திருப்பதைக் கண்டார். இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, உடம்பு முழுக்கச் சண்டைக்குத் தயாராகிறது. கடுவன் சுவரிலிருந்து குதித்துப் போய்விட்டாலும் உள்ளே கொதித்தது உடனே ஆறாது. சில மணி நேரம் ஆகும், சில பூனைகளுக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இந்த இடைவெளியில்தான் நாம் தவறு செய்கிறோம். சமாதானப்படுத்துகிறேன் என்று தூக்கப் போவோம், அல்லது அதட்டுவோம். இரண்டுமே எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். ஒரே வீட்டில் இரண்டு பூனை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்தில் படுத்திருந்தது அடி வாங்கும், அன்றிலிருந்து இரண்டும் ஒன்றையொன்று கண்டாலே சீறும். அந்தச் சமயத்தில் தனித்தனி அறையில் வைத்து, நாள் கணக்கில் மெதுவாகத்தான் மறுபடி சேர்க்க வேண்டும்.

தடவிக்கொண்டிருக்கும்போதே கடிப்பது வேறு விஷயம். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினால் சுகமாக இருந்ததே எரிச்சலாக மாறுகிறது. வால் நுனி வெடுக் வெடுக்கென்று ஆடும், முதுகுத் தோல் அலைபோல் துடிக்கும், காது பக்கவாட்டில் திரும்பும். அப்போதே கையை எடுத்துவிட்டால் போதும். சாதுவாக இருந்த பூனை திடீரென்று மாறினால் வலியும் காரணமாக இருக்கலாம். பல் நோய், மூட்டுத் தேய்மானம், வயதான பூனைக்குத் தைராய்டு. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதுதான் சரி.

கடிபட்டவரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பூனையின் கோரைப்பல் ஊசிபோல மெல்லியது. மேலே ஒரு புள்ளிதான் தெரியும், ஆழத்தில் கிருமி போய்ச் சேர்ந்திருக்கும். அதன் வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா ஒரே நாளில் கையை வீங்க வைத்துவிடும். அம்மாவின் கையைக் குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். மஞ்சள் வைக்கலாம் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வேண்டாங்க்கா என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தோம். பொரி தடுப்பூசி போட்ட பூனைதான், ஆனாலும் நம் ஊரில் ரேபிஸ் விஷயத்தில் நாமே முடிவெடுக்கக் கூடாது. ஊசி வேண்டுமா, எத்தனை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்தபோது பொரி கட்டிலுக்கு அடியில் இருந்தது. விளக்கை அணைத்து, தண்ணீரும் மண் தொட்டியும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். மறுநாள் மாலை தானாகவே வெளியே வந்து, கட்டுப் போட்ட கையை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மாவின் காலடியில் படுத்தது.

ஜன்னலின் கீழ்ப்பாதியில் இப்போது பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம். வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான். அம்மா பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவுகிறார்.