எண்ணெய்க்கு எதற்குக் குதம்?

திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் செய்தியில் அடிபடும்போதெல்லாம் "99 குதங்கள்", "குதங்களைக் கையளித்தல்", "குதங்களை மீட்போம்" என்று வாசித்து வாசித்து அலுத்துவிட்டது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளை எதையாவது கேட்டுப் பாருங்கள், குதம் என்றால் உணவுக்கால்வாய் முடிகிற வாசல் என்று சொல்லும். வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மருத்துவ நூல்களிலும் அதுதான் பொருள். அதை எண்ணெய்த் தாங்கிக்குக் கட்டிவிட்டு, சிரிக்கிற பிள்ளைகளை அதட்டுகிறோம்.

இப்படிக் குதம் என்று மொழிபெயர்க்கப்படும் மூலச் சொல் ஆங்கில 'டாங்க்'. குசராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கு வழங்கிய ஒரு சொல்லும், போர்த்துக்கீசரின் 'தாங்க்கே'யும் அதன் பிறப்போடு சேர்த்துப் பேசப்படுகின்றன. எது முந்தியது என்ற இழுபறி நமக்குத் தேவையில்லை. தேங்கிய நீர்தான் முதற்பொருள், அது போதும். அதனால்தான் வெள்ளைக்கார அதிகாரிகள் நமது குளங்களை எல்லாம் டாங்க் என்று எழுதினார்கள். இலங்கை ஆங்கிலத்தில் கந்தளாய்க் குளம் இன்றைக்கும் டாங்க்தான். இரும்பில் செய்த பெரிய கொள்கலனுக்கும் அதே பெயர். முதலாம் உலகப்போரில் பிரித்தானியர் இரகசியமாகக் கவச வண்டி செய்தபோது, அது ஏதோ தண்ணீர்க் கொள்கலன் என்று வெளியாள் நினைக்கட்டும் என அதற்கும் டாங்க் என்றே பெயர் வைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் அது இறங்கியது. மறைப்புப் பெயரே நிலைத்துவிட்டது.

ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதும் என்பதற்காக நாமும் ஒன்றையே தேட வேண்டுமா? 1986 ஏப்ரல் 20 இல் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைத்தது. அதைப் பற்றிப் பேசுகிற எவரும் குளம் உடைத்தது என்றுதான் சொல்வார்கள். ஆனால் ஒரு செயற்றிட்ட அறிக்கையில் "சிறிய தாங்கிகளைப் புனரமைத்தல்" என்று கண்டேன். தம்பலகாமத்து விவசாயி ஒருவர் அதை வாசித்தால் வீட்டுக்கூரைமேல் நிற்கும் தண்ணீர்த் தாங்கியை அல்லவா நிமிர்ந்து பார்ப்பார்! அதே அறிக்கையில் 'அடுக்குத் தொட்டி முறைமை' என்றும் இருந்தது. ஒன்றில் மிகையாகி வான் பாயும் நீர் மற்றதற்கு ஊட்டும் குளத்தொடரைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். உலர்வலயத்தின் அந்தக் குளத்தொடர்களை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. நமது மொழிபெயர்ப்பாளர் அவற்றைத் தொட்டி ஆக்கிவிட்டார்.

சரி, இரும்புக் கொள்கலனுக்கு வருவோம். அதற்குத் தாங்கி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர்த் தாங்கி, பெற்றோல் தாங்கி என்று எழுதுகிறோம். ஓசையைப் பார்த்துப் பிடித்த போலிச் சொல் என்று சில தூயதமிழ் அன்பர்கள் முகம் சுழிப்பதுண்டு. ஓசை ஒத்தால் என்ன குற்றம்? சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் எப்படி வந்தனவோ அப்படித்தான் இதுவும். தாங்குவது தாங்கி. தொட்டி என்று எழுதச் சொல்வோரும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அது பொருந்தலாம். இங்கே தொட்டி என்றால் வாய் திறந்தது, கிணற்றடியில் அள்ளிக் குளிக்கிற சிமெந்துத் தொட்டி போல. மூடி போட்டு எண்ணெய் அடைத்த இரும்புக்கு அது சரிவராது.

குதத்துக்காக வாதாடுவோர் சொல்வது இரண்டு. அரச ஆவணங்களில் நெடுங்காலமாக அது பண்டசாலை என்ற பொருளில் இருக்கிறது என்பது ஒன்று. பழகிவிட்டதே என்பது மற்றது. முதலாவதையே எடுப்போம். பண்டசாலை என்றால் இடம். தாங்கி என்றால் அந்த இடத்தில் நிற்கிற பொருள். 1930களில் சீனக்குடாவில் பிரித்தானியர் தம் கடற்படைக்காக ஒரு சேமிப்பு நிலையத்தைக் கட்டி, அதற்குள் தாங்கிகளை நிறுத்தினார்கள். 2022 சனவரி உடன்படிக்கையில் 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்தது தாங்கிகளை. குதம் என்று எழுதினால், சீனக்குடாவில் 99 பண்டசாலைகள் இருப்பதாக வெளியூரார் நினைப்பார். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானம் வீழ்ந்து எரிந்ததும் ஒரு தாங்கியின் மேல்தான். 'குதத்தின் மேல் வீழ்ந்தது' என்றால் எதன் மேல் என்று விளங்குமா? அப்புறம் சேமிப்பு நிலையத்தையும் குதம் என்கிறார்கள், உள்ளே இருப்பதையும் குதம் என்கிறார்கள். குதத்தில் உள்ள குதங்கள்! இடத்துக்குத்தான் பெயர் வேண்டுமென்றால் கிடங்கு இருக்கிறதே. ஆங்கிலத்தின் 'கோடவுன்' மலாய் வழியாக நமது கிடங்கிலிருந்து போனது என்று கருதுவோர் பலர். அயலான் கடன் வாங்கிய சொல்லை நாம் பரணில் போட்டுவிட்டோம்.

பழகிவிட்டது என்ற வாதத்துக்குப் பதில் சொல்வதே வீண். பழகியது பத்திரிகைக்கு. ஊரில் பேசும்போது சனம் டாங்கி என்றுதான் சொல்கிறது.

இன்னொரு கூத்து, 'தாங்கிப் பண்ணை'. ஆங்கிலத்தில் ஒரே வகைப் பொருளை வரிசையாக நிறுத்திய வளவுக்கும் பண்ணைக்கும் ஒரே சொல். தமிழில் பண்ணை என்றால் கோழியோ மாடோ நெல்லோ நினைவுக்கு வரும். தாங்கித் தொகுதி என்றால் முடிந்தது.

போர் டாங்க்குக்கு 'யுத்தத் தாங்கி' என்று எழுதுவதையும் நிறுத்தலாம். அது யுத்தத்தைத் தாங்குகிற பொருளா? டாங்கி என்றே விடலாம், கடன் சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலத்தில் 'திங்க் டாங்க்' எனப்படும் ஆய்வு நிறுவனங்களுக்குச் 'சிந்தனைக் குழாம்' நல்ல ஆக்கம், அதைக் கெடுக்காமல் இருந்தால் சரி. எண்ணெய் ஏற்றி ஓடும் லொறிக்கு இலங்கையில் பவுசர் என்கிறோம். எரிபொருள் பம்பி செய்த அமெரிக்கக் கம்பனி ஒன்றின் பெயர் அது. அதற்குத் தமிழ் காண்கிறேன் என்று யாராவது 'ஓடும் குதம்' என்று எழுதாத வரையில் எனக்கு ஆட்சேபம் இல்லை.